பூதத்துக்குக் கூலி கொடுத்தவர் யார்?

(மன்னாரில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



நமது மன்றத்துப் பிள்ளைகள் சிலர் ஒரு சிறு படம் பிடிக்க எண்ணியுள்ளனர். கடலுக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுந்து இரவு வேளையிற் கரைக்கு வருகின்றது. வாடியிற் படுத்திருக்கும் தொழிலாளரைக் கலங்கடிக்கின்றது. இவ்வளவுதான் கதை. கமரா, கைத்தொலைபேசி. நடிகர், நண்பர். முதலோ, ஒரு நாளைக்கு வள்ளம் வாடகைக்கு எடுக்கவும் காணாத தொகை.

இச்செய்தி வெளிவந்ததும் பெரியவர்கள் இரண்டொருவர், "சமயம் வளர்க்கும் மன்றத்திலே பேய்ப்படத்துக்கு என்ன அலுவல்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும், சூரன் போர் பாராமல் வளர்ந்தவர் இச்சபையில் யார்? கந்தசட்டியின் ஆறாம் நாள் மாலையிற் சூரன் வீதிக்கு வருகின்றான். யானைத்தலை போய்ச் சிங்கத்தலை வருகின்றது, சிங்கத்தலை போய்ச் சூரன் தலை வருகின்றது, பின்பு மாமரமாகின்றான். செதுக்கிய மரமும் வர்ணமும் துணியும் தவிர அங்கே வேறென்ன உண்டு? ஆயினும் தகப்பன் தோளிலிருக்கும் குழந்தை கண்ணைப் பொத்திக்கொள்கின்றது. பொத்திய விரலின் இடுக்காற் பார்க்கவும் செய்கின்றது. சிக்கனமான பூதம் நமக்குப் புதிதன்று.

ஆனால் அந்தச் சூரன் தானாக ஆடுவதில்லை. கீழே தண்டு பிடித்து, முன்னும் பின்னும் ஓடி, அவனைத் துள்ள வைக்கும் ஆண்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் மேலே இருக்கின்றது. அவர்களின் தோள் மறுநாட் காலையில் எப்படியிருக்கும் என்று விசாரித்தால் அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். இன்று நாம் பேச வந்தது அந்தத் தோளைப் பற்றியே. குறைந்த செலவிற் பூதப்படம் எடுத்தார்கள் என்று வியந்து பேசுகின்றோம். செலவு உண்மையிற் குறைந்ததா, அல்லது வேறொருவர் தோளில் ஏறியதா என்பதைத் திரைக்குப் பின்னாற் போய்ப் பார்ப்போம்.

தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கலாம். சேலத்திலே டி. ஆர். சுந்தரம் நிறுவிய மொடர்ண் தியேட்டர்ஸ் என்ற ஸ்தாபனத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். 1956இல் தமிழின் முதல் வர்ணப் படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தது அங்கிருந்துதான். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1952இல், அதே ஸ்தாபனம் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு விசித்திரமான படம் எடுத்தது. ஆங்கிலத்தில் 'த ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பேர்க். ரொட் கமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்ற ஹொலிவூட் நடிகர்கள் கடல் கடந்து வந்து நடித்தார்கள். நமது எம். என். நம்பியாரும் அதில் இருந்தார். அமெரிக்காவில் அதை வெளியிட்ட ரொபேட் லிப்பேர்ட் சிக்கனப் படங்களுக்குப் பேர்போனவர்.

கதை இதுதான். காட்டு யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் அறிய ஒரு கூட்டம் காட்டுக்குட் போகின்றது. பார்த்தால், யானைகளை விரட்டுவது அவற்றின் உறவினமான மம்மத்! உடல் முழுதும் சடைமயிர் கொண்டு, பனியிலும் குளிரிலும் வாழ்ந்து, ஏறக்குறைய 4,000 வருடங்களுக்கு முன் அடியோடு அற்றுப்போன அந்த மிருகம் தென்னிந்தியக் காட்டில் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. இவ்வகைப் படங்களில் அக்கேள்வி நுழைவுச் சீட்டுடன் வாசலிலேயே கிழிக்கப்பட்டுவிடும்.

மம்மத்துக்கு எங்கே போவது? பொம்மை செய்து அசைக்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. உயிருள்ள யானை மேலே மயிர்ப் போர்வையைப் போர்த்துக் கமராவுக்கு முன் நிறுத்தினார்கள். அதுவும் படத்தின் கடைசிப் பகுதியிலே சிறிது நேரந்தான். பணம் போட்டவருக்கு இது சாமர்த்தியம். எழுபது நிமிடம் காத்திருந்தவருக்கு ஏமாற்றம். யானைக்கு என்ன? நம்மைப்போல உடலெங்கும் வியர்த்துச் சூடு தணிக்கும் வசதி யானைக்கு இல்லை. காதை விசிறியும், மண்ணையும் நீரையும் மேலே வாரி இறைத்துந்தான் அது தன்னைக் குளிர்விக்கின்றது. தமிழ்நாட்டு வெயிலிற் கம்பளி போர்த்த யானையின் நிலையை நினைத்துப் பாருங்கள். மிச்சம் பிடித்த பணத்துக்கு வட்டி கட்டியது யானை.

இதைச் சொன்னபோது நமது பிள்ளைகளில் ஒருவன், மன்னார் வீதியில் திரியும் கழுதைகளுக்குச் சடை ஒட்டினால் என்ன என்று கேட்டான். சபையிற் சிரிப்பொலி கேட்கின்றது. ஒட்ட வேண்டாம். அந்தக் கழுதைகள் பட்டபாடு போதும். இருட்டிலே ஒரு கழுதை தலையைத் திருப்பும்போது நமது ரோச் வெளிச்சம் பட்டு இரண்டு கண்கள் பச்சையாக மின்னுமே, அதைத் தூரத்தில் நின்று படம் பிடித்தாற் போதும். அது கழுதை என்று யாரும் சொல்லாதவரையில் அது கழுதையன்று.

இந்தத் தந்திரத்தை முறையாகக் கையாண்டவர் ஒருவர் இருந்தார். 1942இல் ஆர்.கே.ஓ. என்ற அமெரிக்க நிறுவனம் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் 'கற் பீப்பிள்' என்ற தலைப்பை மட்டும் கொடுத்து, இதற்கொரு படம் எடு என்றது. செலவு சுமார் 1,34,000 டொலர். ஹொலிவூட் கணக்கில் அது சில்லறைக் காசு. வேறொரு பெரிய படத்துக்குக் கட்டிய மாடிப்படி அப்படியே நின்றது, அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் சிறுத்தையாக மாறுகின்றாள் என்பது கதை. மாறுவதைக் காட்டவேயில்லை. வேறொரு பெண் இரவிலே தனியாக நீச்சற் குளத்துள் நிற்கின்றாள். நீரின் ஒளி சுவரிலும் கூரையிலும் அசைகின்றது. ஒரு நிழல் போகின்றது. ஒரு உறுமல் கேட்கின்றது. அவ்வளவுதான். அந்த நிழல் இயக்குநர் ஜாக் டூர்னரின் கைமுட்டி என்று பின்பு அவரே சொன்னார். இன்னோரிடத்திலே அவள் ஆளரவமற்ற தெருவில் நடக்கின்றாள். பின்னால் ஏதோ வருகின்றது என்று நாமும் மூச்சையடக்கி இருக்கும்போது, சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ்! எண்பது வருடம் கழிந்தும் எல்லா நாட்டுப் பேய்ப்படக்காரரும் அந்தப் பஸ்ஸைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கின்றார்கள்.

கைமுட்டிக்குக் கூலி இல்லை. யாருக்கும் நோவும் இல்லை. சிக்கனம் என்றால் நாம் இதைத்தான் சொல்வோம்.

மற்ற வழி, மனிதனுக்குத் தோல் மாட்டுவது. 1954ஆம் வருடம் இதற்கு இரண்டு உதாரணங்களைத் தந்தது. யப்பானிலே 'கொட்சிலா'. உருவங்களை அணு அணுவாக அசைத்துப் படம் பிடிப்பதானால் வருடக்கணக்கிற் செல்லும் என்று கண்ட சுபுராயா, ஓர் ஆளை உடைக்குள்ளே இறக்கினார். அவர் பெயர் ஹருவோ நாகாஜிமா. உடையின் பாரம் ஏறத்தாழ 100 கிலோ. முதலிற் செய்த உடையில் பத்து மீற்றர் போல நடந்ததும் விழுந்துவிட்டாராம். மேலே சூடான விளக்குகள், உள்ளே காற்றில்லை. கழற்றும்போது வியர்வையை ஊற்றி எடுத்தார்கள். நகரங்களை மிதித்து நடந்த அந்தப் பூதத்துக்குள்ளே மயங்கி விழும் நிலையில் ஒரு மனிதன் நின்றான். அதன் உறுமலுக்கு மாத்திரம் செலவே இல்லை: அகிரா இபுகுபே என்ற இசைவாணர், பிசின் பூசிய தோற் கையுறையால் ஒரு பெரிய வயலினின் நரம்பை உரசி, அந்த ஒலியை மெதுவாக ஓடவிட்டார்.

அமெரிக்காவிலே அதே வருடம் வந்த 'கருப்புக் களப்பின் பிராணி' நமக்கு இன்னும் கிட்டியது. ஏனெனில் அது நீருக்குள் எடுத்த படம். செதிள் உடம்பும் மீன் வாயும் கொண்ட அந்தப் பிராணியை ஒருவரல்ல, இருவர் நடித்தார்கள். கரையிலே பென் சப்மன்; நீருக்குள்ளே ரிக்கூ பிறவுணிங். புளோரிடாவிலே வக்குல்லா ஊற்றில் பிறவுணிங் மூச்சடக்கி மூழ்கி, நான்கு நிமிடம் வரை கீழே நின்றாராம். குமிழி வெளிவரக் கூடாது. பூதம் மூச்சு விடுமோ? ஆகையால் காற்றுப் போத்தல் கட்ட முடியாது. காட்சிக்குக் காட்சி ஒரு றப்பர்க் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, குழாயை விட்டுவிட்டு நடிப்பார். அந்தக் குழாய் வித்தை புளோரிடாவில் கடற்கன்னி வேடமிட்டு நீருக்குள் ஆடும் பெண்களின் காட்சியிலிருந்து வந்தது. பிறவுணிங்கும் அங்கே வேலை செய்தவரே. பூதத்துக்கும் கடற்கன்னிக்கும் மூச்சுக் கொடுத்தது ஒரே குழாய்!

படத்தின் பெயர்ப்பட்டியலிற் பிறவுணிங்கும் இல்லை, சப்மனும் இல்லை. பிராணியின் உருவத்தை வரைந்தவர் மிலிசென்ட் பற்றிக் என்ற பெண். பெயர் போட்டுக்கொண்டவர் ஒப்பனைப் பகுதித் தலைவர். அந்தப் பெண் ஊர் ஊராகப் போய்ப் படத்துக்கு விளம்பரம் செய்துவிட்டுத் திரும்பியபோது அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பிள்ளைகளே, உங்கள் படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் தேநீர் ஊற்றிய தங்கச்சியின் பெயரும் இருக்கட்டும். அதற்குச் செலவு இல்லை.

சரி, மூச்சடக்கும் வித்தையைப் புளோரிடாவிற் போய்ப் பார்ப்பானேன்? அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கல்லைக் காலிற் கட்டி, ஒரு நிமிடம் போல மூச்சடக்கி, முத்துச்சிப்பி வாரியவர்களின் கரையல்லவா இது? முத்துக்குளிப்பு நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் பூதப்படம் எடுக்க நினைப்பவருக்கு அந்தத் தொழிலிலே ஒரு பெரும் பாடம் கிடக்கின்றது.

மூழ்கியவருக்கு இருந்த பயம் சுறா. வெறும் நீரல்ல, கண்ணுக்குத் தெரியாத வாய். ஆகவே சுறாவின் வாயைக் கட்டும் ஒருவர் கரையில் இருந்தாலன்றி அவர்கள் இறங்குவதில்லை. அவரைக் 'கடல்கட்டி' என்றார்கள். பேய்க்கட்டு, எல்லைக்கட்டு என்பதுபோலக் கடற்கட்டு! 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவும் இவ்வகையாரைப் பற்றி எழுதியிருக்கின்றார். பிடிபட்டதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. அதைவிடச் சுவையான விடயம் ஒன்றையும் அவர் குறித்தார்: அவர்கள் பகலுக்கு மாத்திரமே கட்டுவார்களாம், பொழுது பட்டதும் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். ஏன்? இரவிற் கள்ளமாக மூழ்கி முத்தெடுப்பவர் இறங்காதிருக்க! ஒரே சுறா, பகலிற் கட்டுண்டு தொழிலாளிக்கு வழிவிடுகின்றது. இரவிற் கட்டவிழ்ந்து காவல் காக்கின்றது. சுறாவுக்கு இது எதுவும் தெரியாது. அது தன் பாட்டில் நீந்திக்கொண்டிருக்கின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கமே கடல்கட்டியை வைத்திருந்தது. 1845 தொடக்கம் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் முத்துக்குளிப்பைப் பார்க்க வந்தபோது அந்தப் பெரியவர் நோயுற்றிருந்தார். பதிலுக்கு வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிவு மறைவின்றிச் சொன்னாராம்: தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் பெரியவரின் ஆளாகத் தான் இங்கு நிற்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை செய்யும் என்று. மந்திரம் தெரிந்த குடும்பத் தலைவர் அக்காலத்தில் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் டெனன்ட் எழுதியுள்ளார். மூழ்கியவருள் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். யாரும் அதை ஒரு குறையாக எண்ணவில்லை.

இன்னும் கேளுங்கள். பிரித்தானியர் இலங்கையைப் பிடித்த பின் டெனன்ட் எழுதிய காலம் வரை, முத்துக்குளிப்பில் நம்பத்தக்க சுறா விபத்து ஒன்றுக்கு மேல் நேரவில்லை என்று அவரே சொல்கின்றார். நூற்றுக்கணக்கான வள்ளங்களின் ஆரவாரத்துக்குச் சுறாக்கள் கிட்ட வருவதில்லை போலும். அப்படியானால் பயம் எங்கே இருந்தது? மூழ்குபவனின் நெஞ்சிலே. பூதம் வராமலே பூதம் தன் வேலையைச் செய்தது. பதிலாள் நின்றே மந்திரமும் தன் வேலையைச் செய்தது. டூர்னரின் கைமுட்டி செய்த காரியத்தை நம் கரையிலே ஒரு வயோதிபர் பல தலைமுறைக்கு முன்பே செய்திருக்கின்றார். பூதத்தைச் செய்வதற்கு முன் பூதத்தை நம்புகின்ற முகத்தைத் தேடுங்கள். மூழ்கப்போகும் ஒருவன் கரையைத் திரும்பிப் பார்த்து, "அவர் நிற்கின்றாரா?" என்று கேட்கட்டும். நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கட்டும். இதைவிட மலிவான பயங்கரம் எங்களுக்குத் தெரியாது.

கடல்கட்டி எந்தச் சுறாவையும் கொல்லச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இதற்கு மறுதலை 1975இல் ஸ்பீல்பேர்க் எடுத்த 'ஜோஸ்'. சிக்கனப் படமன்று அது. இயந்திரச் சுறா மூன்று செய்தார்கள். கடலில் இறக்கியதும் உப்பு நீர் பட்டு அவை கோளாறு பண்ணின. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலே, மிதக்கும் மஞ்சட் பீப்பாய்களாலும் இசையாலும் படத்தை நடத்தினார்கள். அதனாலேயே படம் பயங்கரமாயிற்று. அந்த மட்டில் நல்ல பாடம். ஆனால் படம் பார்த்த சனங்கள் மெய்யான சுறாக்களைப் பகைத்து வேட்டையாடத் தொடங்கினார்கள். மூலக்கதை எழுதிய பீற்றர் பெஞ்ச்லி அதற்காக வருந்தி, தம் பிற்காலத்தைச் சுறாக்களைக் காக்கும் பணியிலே செலவிட்டார். அங்கே கூலி கொடுத்தது இயந்திரச் சுறாவன்று.

இதை ஏன் விரித்துச் சொல்கின்றோம் என்றால், நமது பிள்ளைகள் எழுதிய கதையின் முதற் பிரதியிலே கடலிலிருந்து வரும் பூதம் ஆவுளியா! கடற்பசு என்றும் சொல்வார்களே, அது. மன்னாருக்கென்று ஒரு பூதம் வேண்டும் என்று தேடினால் அதில்தான் கை படும். பழைய கதையும் இருக்கின்றது. போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்த 1560ஆம் வருடத்திலே, இங்கே ஏழு கடல் மனிதரும் கடற்கன்னியரும் வலையில் அகப்பட்டதாகவும், கோவாவுக்குக் கொண்டுபோய் அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்பெல்லாம் மனிதரைப் போலவே உள்ளன என்று சொன்னதாகவும் எழுதி வைத்திருக்கின்றார்கள். அவை ஆவுளியாக்கள் என்பதே பின்னையோர் கருத்து. கன்னி என்று பிடித்து, பிராணி என்று அறுத்தார்கள். கன்னியாக்கினாலும் பூதமாக்கினாலும் ஆவுளியாவுக்குக் கிடைத்தது கத்திதான்.

சாதாழை மேய்ந்து, குட்டிக்கு மார்பிற் பால் கொடுத்து, மூச்சு விட மேலே வரும் சாதுவான பிராணி அது. ஒரு குட்டி ஈன ஒரு வருடத்துக்கு மேற் சுமக்கின்றது; அடுத்த குட்டிக்குப் பல வருடம் செல்லும். ஒரு காலத்தில் இதன் இறைச்சி நமது சந்தைக்கே வந்தது. இன்று வலையில் அகப்பட்டுச் செத்து ஒதுங்கினாற் செய்தி. அக்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது; நமது நாட்டிலும் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். இந்த நிலையில், மன்னார்ப் பிள்ளைகள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, வலையில் அகப்பட்ட ஒன்றை ஒருவன் மண்வெட்டியால் அடித்தான் என்று கேள்விப்பட நமக்கு மனமில்லை. கதையை மாற்றும்படி கேட்டோம். முகம் சுருங்கியது, ஆனால் மாற்றச் சம்மதித்தார்கள்.

வேறொரு காட்சியிலே வாடிக்குப் பின்னால் மணலைத் தோண்ட மண்டையோடு வருவதாக இருந்தது. பிளாஸ்ரிக் மண்டையோடு கொழும்பிலே மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். 2013இல் திருக்கேதீச்சரத்துக்கு அருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதும், 2018இல் மன்னார் நகரிலே கட்டடத்துக்கு மண் எடுத்தபோதும் வெளிவந்தவை பிளாஸ்ரிக் அல்ல. காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும் தாய்மார் இந்தச் சபைக்கும் வருகின்றவர்கள். அக்காட்சியைப் பற்றி நாம் விவாதிக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னோம்.

இனி, எடுக்கக்கூடியவை. சோளகம் வீசும் மாதங்களில் ஒலிப்பதிவு செய்ய நினையாதீர்கள். தொலைபேசியின் ஒலிவாங்கியிற் காற்றைத் தவிர வேறொன்றும் ஏறாது. காற்று ஓய்ந்த நாளிலே படம் பிடித்து, ஒலியை வீட்டுக்குள் தனியாகச் சேருங்கள். பூதத்தின் குரலுக்குக் காய்ந்த பனை மட்டையைக் கருக்கோடு கருக்கு உரசிப் பாருங்கள். சிப்பி கலந்த மணலில் வள்ளத்தின் அடியை இழுக்கும் ஓசையை எடுத்து, இபுகுபே செய்ததுபோல மெதுவாக ஓடவிடுங்கள். தொலைபேசியே அதைச் செய்யும். வெளிச்சத்துக்கு அரிக்கன் லாம்பு ஒன்று போதும். அதை நடிகனுக்கு முன்னால் வையாமற் பின்னால் வைத்தால் அவன் முகம் மறையும், நிழல் நீளும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் அடியிலே அப்படி ஒரு நிழலை விழுத்தினால் ஹொலிவூட்காரன் பொறாமைப்படுவான். கடலுக்குள் இடுப்பளவுக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். இறங்குகின்றவனுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். கரையிலே கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும். முத்துக்குளித்தவர்களுக்கும் மேலே கயிறு பிடிக்க ஒருவர் நின்றார்.

ஒரேயொரு ஒலிதான் குறைகின்றது. மாற்றிய கதையிலே, பயந்து ஓடிய தொழிலாளி கடைசியில் விடியற் சாமத்திலே தனித்து வள்ளத்தில் இருக்கின்றான். கடல் அசையாமற் கிடக்கின்றது. அருகிலே ஏதோ ஒன்று மேலே வந்து மூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் அமிழ்கின்றது. அது ஆவுளியாவின் மூச்சு. நமது பிள்ளைகளில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. பேசாலையிலிருந்தும் வங்காலையிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களில் யாரேனும் அதைக் காதாற் கேட்டிருந்தால், எப்படியிருக்கும் என்று வாயாற் செய்து காட்டும்படி வேண்டி, ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிட்டு நாம் அமர்கின்றோம்.